எதுவும் நடக்காத இரவு

"ராத்திரி மூணு மணிக்கு கண்ட்ரோல் ரூம்ல என்னப்பா நடக்கும்?" என்று சிறுவயதில் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். "ஒண்ணும் நடக்காது. ஒண்ணும் நடக்காம பாத்துக்கத்தான் எங்களுக்குச் சம்பளம்" என்பார்.

நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது தெரியும். அப்பா நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்தால் வீட்டில் ரேடியோ பாடாது. ஜன்னலில் போர்வை தொங்கும். அன்றைக்குக் குக்கர் விசிலைக்கூட அம்மா கரண்டியால் தூக்கிவிட்டு அடக்குவாள். எனக்கு ஒருநாள் கோபம் வந்துவிட்டது. ராத்திரி முழுக்க நாற்காலியில் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்த மனிதருக்கு இவ்வளவு அசதியா என்று அம்மாவிடம் கேட்டேன். "நீ ஒருநாள் சும்மா உக்காந்து பாரு, அப்பத் தெரியும்" என்றாள்.

உளவியல் அறுபது ஆண்டுகள் ஆய்வு செய்து வந்து சேர்ந்த இடமும் அதுதான். இந்த அத்தியாயம் விமானிகளைப் பற்றியது. ஆனால் தானியங்கி ஓட்டும் விமானத்தின் முன்னறையும் இரண்டாம் அனல் மின் நிலையத்தின் கண்ட்ரோல் ரூமும் ஒரே மாதிரி இடங்கள் என்பதால் நெய்வேலியிலிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டாம் அனல் மின் நிலையத்தில் ஏழு யூனிட்டுகள், ஒவ்வொன்றும் 210 மெகாவாட். அப்படி ஒரு யூனிட் முழு லோடில் ஓடும்போது கொதிகலனிலிருந்து நிமிடத்துக்குச் சுமார் பத்து டன் நீராவி டர்பைனுக்குப் போகிறது. போகிற அளவுக்குத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்க வேண்டும். கொதிகலனின் உச்சியில் இருக்கும் டிரம்மில் தண்ணீர் மட்டம் ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து. தண்ணீர் வரத்து நின்றால் டிரம் காலியாக ஓரிரு நிமிடம் போதும். இந்த மட்டத்தை ஆட்டோ பார்த்துக்கொள்கிறது. நீராவியின் ஓட்டம், உள்ளே வரும் தண்ணீர், டிரம் மட்டம் மூன்றையும் ஒப்பிட்டு வால்வைத் திறந்து மூடுகிறது. மனிதரைவிட நன்றாகவே செய்கிறது. எனவே டெஸ்க்கில் இருப்பவர் செய்ய வேண்டியது பார்ப்பது மட்டும்தான். ஆட்டோ எப்போது தவறும் என்று பார்ப்பது. அது ஆண்டுக்கு ஒருமுறை தவறலாம், இன்றிரவும் தவறலாம்.

அப்பா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மணிக்கு ஒருமுறை போர்டைச் சுற்றி வந்து ரீடிங் எடுத்து லாக் ஷீட்டில் எழுத வேண்டும். நீராவி வெப்பம், அழுத்தம், டிரம் மட்டம், மில் ஆம்பியர், ஃபர்னஸ் டிராஃப்ட் என்று வரிசை நீளும். அவர் முதலில் ஒரு ரஃப் நோட்டில் குறித்துக்கொண்டு பிறகு நல்லதாக எழுதுவார். ஒவ்வொரு மீட்டரின் கண்ணாடி மீதும் விரலை வைத்து, எண்ணை வாய்விட்டுச் சொல்லி, அப்புறம் எழுதுவாராம். ஏன் விரல் வைக்க வேண்டும் என்று கேட்டதற்கு, "கண்ணு மட்டும் போனா ஏமாத்திடும். விரல் போனா மனசும் போகும்" என்றார். அவருடைய அந்த ரஃப் நோட்டுகள் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் விமானப் படைக்கு ஒரு சிக்கல் வந்தது. கடலுக்கு மேலே பறந்து நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் விமானங்களில் ராடார் திரையைப் பார்க்க ஆள் வைத்திருந்தார்கள். நல்ல பயிற்சி பெற்ற, பொறுப்புள்ள இளைஞர்கள். அவர்களே திரையில் தெளிவாகத் தெரிந்த புள்ளிகளைத் தவறவிட்டார்கள். எவ்வளவு நேரம் ஒருவரால் உருப்படியாகப் பார்க்க முடியும் என்று கண்டுபிடிக்கும் வேலை கேம்பிரிட்ஜில் இருந்த நார்மன் மேக்வொர்த்திடம் வந்தது. எண்கள் ஏதும் இல்லாத ஒரு கடிகாரத்தை அவர் செய்தார். அதன் முள் விநாடிக்கு ஒருமுறை ஒரு துள்ளு துள்ளும். நூறு துள்ளலில் ஒரு சுற்று முடியும். எப்போதாவது, முன்னறிவிப்பு இல்லாமல், முள் இரட்டைத் துள்ளல் துள்ளும். அப்போது பொத்தானை அழுத்த வேண்டும். வேலை அவ்வளவுதான். இரண்டு மணி நேரம்.

1948இல் அவர் வெளியிட்ட முடிவு இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது. முதல் அரை மணி நேரத்திலேயே கவனம் சரியத் தொடங்கிவிடுகிறது. இரண்டாவது மணி நேரத்தில் அல்ல, களைத்துப்போன பிறகு அல்ல. ஒரு குவளை டீ ஆறும் நேரம்தான் ஆகியிருக்கும். சோதனையில் உட்கார்ந்தவர்கள் யாரும் அலட்சியமானவர்களும் அல்ல. இதை ஒருவருடைய பொறுப்பின்மை என்று சொல்லிவிட முடியாது. மனித மூளை இப்படித்தான் அமைந்திருக்கிறது.

மேக்வொர்த் இன்னொன்றும் பார்த்தார். சோதனையின் நடுவே அறையிலிருந்த டெலிபோன் மணியடித்து, "இன்னும் கொஞ்சம் நன்றாகக் கவனியுங்கள்" என்று ஒரு குரல் சொன்னால் போதும், சரிந்த கவனம் மறுபடி மேலே ஏறிவிடும். சற்று நேரம்தான் நிற்கும், ஆனால் ஏறிவிடும். இந்த டெலிபோனை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு விமானத்தில் மறுபடி அடிக்கப் போகிறது.

ஏன் சரிகிறது? நெடுநாள் வரை, வேலை மிகக் குறைவு, அதனால் மூளை தூங்குகிறது என்றே எண்ணினார்கள். ஓரளவுக்கு அது உண்மைதான். மாறாத ஒன்றை மூளை தானாகவே கழித்துவிடும். சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் நம் காதில் விழாமல் போவது அதனால்தான். கடிகாரம் நின்றால்தான் திடுக்கிட்டு நிமிர்கிறோம். மூளைத் தண்டில் நீலத் திட்டு என்று ஒரு சின்ன நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. நார்அட்ரினலினை மூளை முழுக்கத் தெளித்து நம்மை விழிப்பாக வைப்பது அதன் வேலை. புதிதாக ஒன்று நேர்ந்தால் அது சிலிர்க்கும். நேர்வது எல்லாம் எதிர்பார்த்ததாகவே இருந்தால் அடங்கிவிடும்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலாளர் ராஜா பரசுராமன், ஜோயல் வார்ம், ஜெரால்ட் மேத்யூஸ் மூவரும் 2008இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே முடிவைச் சொல்லிவிடுகிறது: கண்காணிப்பு என்பது கடும் மன உழைப்பு, அது அழுத்தம் தருவது. ஒன்றும் நடக்காத இடத்தில் ஏதோ நடக்கும் என்று எதிர்பார்த்தபடி உட்கார்ந்திருக்க மூளை ஒவ்வொரு கணமும் தன்னைத்தானே இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடிமானம் செலவாகிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்து எழுந்தவர்களைக் கேட்டால் மிகுந்த பளு சுமந்ததாகச் சொல்கிறார்கள். ஜன்னலில் தொங்கிய போர்வைக்கு அர்த்தம் எனக்கு அந்தக் கட்டுரையைப் படித்தபோதுதான் முழுதாக விளங்கியது.

பரசுராமனின் இன்னொரு ஆய்வு நெய்வேலிக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1993இல் ராபர்ட் மொல்லாய், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக உளவியலாளர் இந்திரமணி சிங் இருவரோடும் சேர்ந்து செய்தது. பங்கேற்றவர்கள் கணினியில் ஒரு பொம்மை விமானத்தை ஓட்ட வேண்டும், எரிபொருளைப் பங்கிட வேண்டும். எஞ்சின் மீட்டர்களை மட்டும் தானியங்கி பார்த்துக்கொள்ளும்; அது தவறவிட்டால் இவர்கள் பிடிக்க வேண்டும். ஒரு குழுவுக்குக் கொடுத்த தானியங்கி எப்போதும் ஒரே சீராக நடந்துகொண்டது. மற்றக் குழுவின் தானியங்கி சில நேரம் நன்றாகவும் சில நேரம் மோசமாகவும் நடந்தது. சீரான தானியங்கி கிடைத்தவர்கள்தான் அதன் தவறுகளைப் பெருமளவு கோட்டைவிட்டார்கள். அடிக்கடி காலை வாரும் இயந்திரத்தை நாம் கண்கொத்திப் பாம்பாய்ப் பார்க்கிறோம், நல்ல பிள்ளையாக நடக்கும் இயந்திரத்தை நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கை நியாயமானதும்கூட. இயந்திரத்தைத் திருத்தத் திருத்த, அதைப் பார்க்கும் மனிதரின் வேலை கடினமாகிறது. லிசான் பெய்ன்பிரிட்ஜ் 1983இலேயே இதை எச்சரித்தார். எளிதான வேலைகளையெல்லாம் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, அதனால் முடியாத ஒரே கட்டத்தில், பழக்கம் விட்டுப்போன கைகளில் திடீரென்று ஒப்படைக்கிறோம் என்றார்.

இப்போது அந்த டெலிபோன். 2009 அக்டோபர் 21, நார்த்வெஸ்ட் விமானம் 188. சான் டியாகோவிலிருந்து மினியாபொலிஸுக்கு 144 பயணிகளோடு போய்க்கொண்டிருந்தது. இரு விமானிகளும் மடிக்கணினியைத் திறந்து, புதிய பணிநேர அட்டவணை முறையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். தானியங்கி ஒழுங்காக ஓட்டியது. தரையிலிருந்து கூப்பிட்டவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் பதில் இல்லை. விமானம் இறங்க வேண்டிய ஊரைத் தாண்டி நூறு மைலுக்கும் அப்பால் போய்விட்டது. கடைசியில் பணிப்பெண் உள் டெலிபோனில் அழைத்து, எப்போது தரையிறங்குவோம் என்று கேட்டார். அப்போதுதான் அவர்கள் தலை நிமிர்ந்தது. எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள். அவர்கள் உறங்கியிருப்பார்கள் என்றே முதலில் பலரும் பேசினார்கள். உறங்கவில்லை. சலிப்பின் இயல்பு உறக்கம் அல்ல. வெறுமையை நிரப்ப மனம் வேறொன்றைத் தேடிப் போகும். ஸ்டீபன் கேஸ்னரும் ஜொனதன் ஸ்கூலரும் போயிங் 747 சிமுலேட்டரில் விமானிகளை உட்காரவைத்து, இடையிடையே "இப்போது எதைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டார்கள். எல்லாம் திட்டப்படி போகும் நேரங்களில் நினைப்பு பறத்தலை விட்டு வேறெங்கோ போயிருந்தது. வீடு, கடன், பிள்ளை படிப்பு. நமக்கெல்லாம் போவதுபோலத்தான்.

உறக்கம் வேறு கதை, அதைச் சொல்ல நான் மங்களூருக்குப் போக வேண்டும்.

2010 மே 22. துபாயிலிருந்து நள்ளிரவுக்குப் பின் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812, காலை ஆறு மணி சுமாருக்கு மங்களூர் வந்தது. விமானத்தில் 166 பேர். ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த வளைகுடாத் தொழிலாளர்களும் அவர்களுடைய குடும்பங்களும்தான் பெரும்பாலும். முன்னறையின் ஒலிப்பதிவுக் கருவி கடைசி இரண்டு மணி ஐந்து நிமிடங்களைப் பிடித்துவைத்திருந்தது. அதில் முதல் ஒரு மணி நாற்பது நிமிடங்களில் இரு விமானிகளுக்கிடையே பேச்சே இல்லை. கேப்டனின் ஆழ்ந்த மூச்சும் குறட்டையும் மட்டும் கேட்கின்றன. விழித்தெழுந்த கேப்டன் தேவையான உயரத்தைவிட வெகு மேலே இருந்தபடி விமானத்தைச் செங்குத்தாக இறக்கினார். துணை விமானி, இறங்க வேண்டாம், மறுபடி மேலே எழும்பிச் சுற்றி வருவோம் என்று மூன்று முறை சொன்னார். சுமார் 8,000 அடி நீள ஓடுதளத்தில் 5,200 அடி கழிந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. மலை உச்சியைச் சமன்படுத்திப் போட்ட ஓடுதளம் அது. அதன் விளிம்பைத் தாண்டி விமானம் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் பிழைத்தார்கள்.

ஏர் மார்ஷல் கோகலே தலைமையிலான விசாரணைக் குழு அந்த உறக்கத்தைக் குறித்துத் தனியாக எழுதியது. நீண்ட உறக்கத்திலிருந்து எழுந்தவுடன் மூளை முழுதாக எழுவதில்லை. கண் திறந்திருக்கும், கை வேலை செய்யும், தீர்மானம் எடுக்கும் பகுதி மட்டும் பின்தங்கி வரும். இதற்கு உறக்க மந்தம் என்று பெயர் சொல்லலாம். அதிகாலை இரண்டு முதல் ஆறு வரை உடலின் வெப்பமும் விழிப்பும் தாழ்ந்து கிடக்கும் நேரம். அந்த நேரத்தில் எழுந்தால் மந்தம் இன்னும் அதிகம்.

எனவே தூங்கவே கூடாது என்று சட்டம் போட்டால் தீர்ந்துவிடுமா? நாசா அதற்கு நேர்மாறான ஒன்றைச் செய்து பார்த்தது. பசிபிக் கடலுக்கு மேலே நீண்ட தூரம் பறந்த விமானிகளில் ஒரு குழுவுக்கு, சக விமானிகள் விழித்திருக்கும்போது, முறைவைத்து நாற்பது நிமிடம் இருக்கையிலேயே கண்ணயர அனுமதி கொடுத்தார்கள். சராசரியாக 26 நிமிடம் உறங்கினார்கள். இன்னொரு குழு வழக்கம்போல விழித்தே பறந்தது. பயணத்தின் கடைசி தொண்ணூறு நிமிடங்களில், தம்மை அறியாமல் சில விநாடிகள் மூளை அணைந்துபோகும் கணங்களைக் கருவிகள் எண்ணின. உறங்காத குழுவில் 120. அதில் 22, விமானம் தரையிறங்க வரும் கடைசி அரை மணி நேரத்தில். உறங்கிய குழுவில் மொத்தமே 34, கடைசி அரை மணி நேரத்தில் ஒன்றுகூட இல்லை. அந்தக் குட்டித் தூக்கத்துக்கு எல்லை இருந்தது, இன்னொருவர் விழித்திருப்பார் என்ற ஏற்பாடு இருந்தது, எழுந்து தெளிய அவகாசம் இருந்தது. மங்களூர் விமானத்தில் இவை எதுவும் இல்லை. தூங்கினார் என்பதற்காக ஒரு மனிதரை மட்டும் திட்டுவது எளிது. இரவுப் பறப்புக்கு எத்தனை மணி நேர ஓய்வு, எப்படி ஓய்வு என்று எழுதும் மேசைகளில்தான் இந்த உயிர்களைக் காக்கும் வேலை பெரும்பாலும் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சலிப்பு, உறக்கம் இரண்டையும்விடக் கொடியது அவற்றிலிருந்து வெளியே வரும் அந்தக் கணம். 2009 ஜூன் 1, ரியோவிலிருந்து பாரிஸுக்குப் போன ஏர் பிரான்ஸ் 447. அட்லாண்டிக் கடலுக்கு மேலே, காற்று வேகத்தை அளக்கும் குழாய்களில் பனித்துகள் அடைத்துக்கொண்டது. வேகம் தெரியாததால் தானியங்கி விமானி விலகிக்கொண்டது. கேப்டன் ஓய்வுக்குப் போயிருந்தார். அதுவரை ஒன்றும் செய்யத் தேவையில்லாமல் இருந்த இரு துணை விமானிகளின் கைகளில், இருட்டில், விமானம் வந்து விழுந்தது. மூக்கை மேலே தூக்கியபடி பிடித்ததால் இறக்கைகள் விமானத்தைத் தாங்கும் திறனை இழந்தன. தானியங்கி விலகியதிலிருந்து கடலில் மோதும் வரை நான்கு நிமிடம் 23 விநாடி. 228 பேர்.

நெய்வேலியில் டிரம் லெவல் ஆட்டோ கைவிட்டால் டெஸ்க்காரருக்கு அந்த நேரம்கூடக் கிடையாது. பாதுகாப்பு அமைப்பு யூனிட்டை ட்ரிப் செய்து நிறுத்திவிடும் என்பது ஆறுதல். ஆகாயத்தில் விமானத்தை ட்ரிப் செய்ய முடியாது. (2020இல் மே 7, ஜூலை 1 தேதிகளில் இரண்டாம் அனல் மின் நிலையக் கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர்கள் உயிரிழந்ததை இந்த ஊர் மறக்காது. அவர்கள் கொதிகலனுக்குப் பக்கத்தில் நின்று உழைத்தவர்கள். அந்தத் துயரத்தை இந்த அத்தியாயத்தின் வாதத்துக்குச் சாட்சியாக இழுக்க நான் விரும்பவில்லை.)

என்னதான் செய்யலாம்? விருத்தாசலம்–கடலூர் பாதையில் நெய்வேலி ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போது எஞ்சினுக்கு அருகே நின்று பார்த்திருந்தால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். சிக்னலைப் பார்த்ததும் லோகோ பைலட் உரக்கச் சொல்வார். அசிஸ்டென்ட் கையை நீட்டித் திருப்பிச் சொல்வார். ஜப்பான் ரயில்வேயில் இந்தப் பழக்கம் ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. சுட்டிக்காட்டி வாய்விட்டுச் சொன்னால் என்ன ஆகும் என்று அங்குள்ள ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994இல் அளந்தது. எளிய வேலை ஒன்றில் நூற்றுக்கு 2.38 ஆக இருந்த பிழை 0.38 ஆகக் குறைந்தது. விரலைப் பற்றி அப்பா சொன்னதை ஜப்பான்காரர்கள் எண்ணில் எழுதியிருக்கிறார்கள்.

நம் ரயில் எஞ்சின்களில் இன்னொரு கருவியும் உண்டு. ஒரு நிமிடத்துக்கு ஓட்டுநர் எதையும் தொடவில்லையென்றால் விளக்கு மினுக்கும், பிறகு பஸர் அடிக்கும், அதற்கும் அசையாவிட்டால் பிரேக் விழும். நல்ல கருவிதான். ஆனால் பழகிய கை அரைத் தூக்கத்திலும் அந்தப் பொத்தானைத் தேடி அழுத்திவிடும். விழித்திருப்பதாகக் காட்டிக்கொள்வதும் கவனிப்பதும் ஒன்றல்ல. விமான நிலைய எக்ஸ்ரே திரைகளில் வேறு வழி கண்டார்கள். ஜெரமி வுல்ஃப் குழுவினர் 2005இல் காட்டியது இது: தேடும் பொருள் பாதிப் பைகளில் இருந்தால் பார்ப்பவர்கள் 7 சதவீதம் தவறவிடுகிறார்கள். நூற்றில் ஒரு பையில் மட்டும் இருந்தால் 30 சதவீதம் தவறவிடுகிறார்கள். அரிதானதை மூளை இல்லாததாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால் இடையிடையே பொய்த் துப்பாக்கி, பொய்க் கத்தியின் பிம்பங்களைக் கணினியே பைகளுக்குள் நுழைத்துக் காட்டுகிறது. அரிதானதைக் கொஞ்சம் அடிக்கடி வரவழைப்பதுதான் உத்தி. விமானிகளுக்கோ, முடிந்த இடங்களில் தானியங்கியை அணைத்துவிட்டுக் கையால் ஓட்டுங்கள் என்று அமெரிக்க விமானத் துறை 2013இல் எழுதியது. கைக்குப் பழக்கம், மனதுக்கு வேலை, இரண்டும் கிடைக்கும்.

நெய்வேலியும் மாறிவிட்டது. சோவியத் உதவியோடு 1962இல் ஓடத் தொடங்கிய முதல் அனல் மின் நிலையம் 2020இல் ஓய்வுக்குப் போனது. இப்போது புதிய நிலையத்தில் 500 மெகாவாட் யூனிட்டுகள் இரண்டு. அங்கே மீட்டர் கண்ணாடிகளுக்குப் பதில் திரைகள். ரீடிங்கைக் கணினியே விநாடிக்கு விநாடி எழுதிவைக்கிறது, மனிதர் எழுதியதைவிடத் துல்லியமாக. லாக் ஷீட் எதற்கு என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். ஆனால் அந்தத் தாள் இரண்டு வேலைகள் செய்துகொண்டிருந்தது: யூனிட்டின் வரலாற்றை எழுதியது, மணிக்கு ஒருமுறை ஒரு மனிதரை நாற்காலியிலிருந்து எழுப்பி, நடக்கவைத்து, ஒவ்வொரு மீட்டரையும் கேள்வி கேட்கவைத்தது. முதல் வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது. இரண்டாவதை யாரிடமாவது கொடுக்க வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டும் லாக் எழுதலாம் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பிரதான நீராவி வெப்பம் 540 டிகிரி என்றால் முந்தின வரியைப் பார்த்து 540 என்று போட்டுக்கொண்டே போகலாம். யாரும் கண்டுபிடிக்க முடியாது. போன பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது ரஃப் நோட்டுகளில் ஒன்றை எடுத்துப் புரட்டினேன். மார்கழி மாதத்து ஒரு நைட் ஷிப்ட். பத்து மணிக்கு 540, பதினொன்றுக்கு 540, பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாம் 540. நான்கு மணி வரியில் அப்பாவின் கையெழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. எண் 539.